இந்தப் பக்கம் பச்சை

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி என்று எழுது.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கொக்கு வந்து இறங்கியது. பெயர் வைத்தவர் உன் மாப்பிள்ளைதான். ஆளைத் தூக்கும் மெஷின். ஒரு கம்பம், மேலே வளைந்த கழுத்து, கழுத்து நுனியில் கொக்கிகள். பார்த்ததும், "கொக்கு வீட்டுக்குள்ளயே வந்துருச்சு. இனி நான்தான் மீனு" என்றார். பக்கவாதம் வந்து ஐந்து மாதத்தில் அவர் சிரித்தது இது முதல் தடவை.

கூடவே ஒரு துணியும் தந்திருக்கிறார்கள். உங்கள் முதியோர் இல்லத்தில் தூளி என்பீர்களே, அதுதான். நாலு மூலையிலும் வார், ஒவ்வொரு வாரிலும் மூன்று கலரில் வளையம். கொண்டுவந்தவர் ஒரு தடவை செய்து காட்டினார். அப்போது எல்லாம் புரிந்தது. அவர் வாசலைத் தாண்டியதும் ஒன்றும் புரியவில்லை.

இதுவரை நானும் மாடி வீட்டுக்காரரும்தான் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினோம். மாடி வீட்டுக்காரர் இந்த மாதத்தோடு வீடு மாறுகிறார். என் இடுப்பும் பிடித்துக்கொண்டுவிட்டது. கொக்கைப் பழகாவிட்டால் அவர் இனிக் கட்டிலோடுதான். முதுகுக்குக் கீழே கோட்டுப் பொத்தான் அளவுக்குச் சிவந்திருக்கிறது. நர்ஸம்மா பார்த்துவிட்டு, "இது புண்ணாச்சுன்னா லேசுல ஆறாதும்மா. தினமும் ரெண்டு தடவையாவது எழுப்பி உட்கார வைங்க" என்றார்.

நீ பதினோரு வருஷமாக இந்த வேலை செய்கிறாய். இரண்டு நாள் லீவு போட்டு வந்து காட்டிவிட்டுப் போ. வர முடியாவிட்டால் எழுதி அனுப்பு. போனில் வேண்டாம், கேட்டதெல்லாம் காதோடு போய்விடுகிறது. எழுதினால் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொள்வேன்.

அம்மா போய் அடுத்த மாதம் ஒரு வருஷம்.

தங்கச்சி


பிப்ரவரி 14

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. முழங்கால் முன்பு போலத்தான், படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்தும். மாப்பிள்ளை சிரித்தார் என்று படித்தது மனசுக்கு இதமாக இருந்தது.

லீவு கிடைக்காது. அதனால் எழுதுகிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ். தப்பு இருந்தால் திருத்தி ஒட்டு.

முதலில் அளவு. மற்றதெல்லாம் அப்புறம். தூளி பெரிதாக இருந்தால் ஆள் நழுவி விழுவார். சிறிதாக இருந்தால் தொடையை வெட்டும். ஓரத்தில் தைத்திருக்கிற கலரைப் பார்த்து அளவைச் சொல்லாதே. ஒரு கம்பெனிக்கு மஞ்சள் என்றால் நடுத்தரம், இன்னொரு கம்பெனிக்கு மஞ்சள் என்றால் பெரியது. உள்பக்கம் லேபிள் இருக்கும். அளவும், எத்தனை கிலோ தாங்கும் என்பதும் அதில் இருக்கும். லேபிள் அழிந்துபோயிருந்தால் அந்தத் துணி எதற்கும் ஆகாது.

மாப்பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வால் எலும்பிலிருந்து உச்சந்தலை வரை டேப் வைத்துப் பார். எடையையும் எழுது. கழுத்து தானாக நிற்கிறதா, சாய்கிறதா என்றும் எழுது. சாய்ந்தால் தலையையும் சேர்த்துப் பிடிக்கிற தூளி வேண்டும். இடுப்பையும் தொடையையும் மட்டும் பிடிக்கிற தூளி ஒன்று உண்டு. கக்கூஸுக்கு வசதி என்று சொல்லிக் கொடுப்பார்கள். தன் உடம்பைத் தானே பிடித்துக்கொள்கிறவர்களுக்குத்தான் அது. மாப்பிள்ளைக்கு வேண்டாம்.

மெஷினைக் கொடுத்த இடத்திலேயே துணியையும் வாங்கு. இந்த மெஷினுக்கு இந்தத் துணி பொருந்தும் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும்.

அப்புறம் அளவு. மேலேயே எழுதிவிட்டேன். இருந்தாலும் பார்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒட்டிவிட்டேன். இங்கே உடம்புக்குக் குறையில்லை.

தையல்காரருக்கே அளவெடுக்கிற கஷ்டத்தை உனக்கு எழுத வேண்டும். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி அதிகாரம்.

"டேப்பை இழுக்காதடி. ரப்பரா அது?"

"இழுக்கல. நீங்க ஆடாம இருங்க."

"நான் எங்கடி ஆடுறேன்? ஆட முடிஞ்சா இந்தக் கொக்கு எதுக்கு?"

டேப்பைச் சுருட்டும்போது, "இருபத்தெட்டு வருஷம் ஊருக்கே அளவெடுத்தேன். எனக்கு அளவெடுக்க யாரும் வந்ததே இல்ல. என் சட்டையை எல்லாம் கண்ணளவுலதான் வெட்டுனேன்" என்றார்.

முப்பத்து மூன்றரை அங்குலம். எடை ஐம்பத்தெட்டு கிலோ. கழுத்து காலையில் நிற்கிறது, சாயங்காலம் சாய்கிறது. தலைக்கும் சேர்த்த தூளிதான் தந்திருக்கிறார்கள். ஆனால் லேபிளில் பெரியது என்று போட்டிருக்கிறது. பெரியதாக இருந்தால் நல்லதுதானே, தாராளமாக இருக்குமே என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் பார்த்தபிறகு பயமாக இருக்கிறது.

நீ ஒரு தடவை வந்தால் நன்றாக இருக்கும். லீவு கேட்டுப் பார்த்தாயா, அல்லது கேட்காமலே கிடைக்காது என்கிறாயா?

இல்லத்தில் அம்மாவையும் இப்படித்தான் தூக்குவாயா? அந்தரத்தில் இருக்கும்போது பயப்படுவாளா? நான் வந்தபோதெல்லாம் அம்மா நாற்காலியில்தான் இருந்தாள். தூக்குவதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

தங்கச்சி


மார்ச் 20

தங்கச்சிக்கு,

உடனே எழுத முடியவில்லை. இந்த மாதம் அப்படிப் போய்விட்டது. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

பெரியது வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிட்டு நடுத்தரம் கேள். அது வரும்வரை தூக்காதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை. சிவந்த இடத்தில் தேய்க்காதே.

வந்தபிறகு செய்ய வேண்டியது இது.

தூக்குவதற்கு முன்னால் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார். தையல் விட்டிருக்கிறதா, வார் நைந்திருக்கிறதா என்று பார். ஒரு நூல் தொங்கினாலும் அந்தத் துணியை எடுக்காதே.

இரண்டு கால் வாரையும் தொடைக்கு அடியில் கொண்டுவந்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து மாட்டு. அப்போதுதான் கால் அகலாது. தோளுக்கு எந்தக் கலரில் மாட்டினாலும் இரண்டு தோளுக்கும் ஒரே கலர். காலுக்கும் அப்படியே.

இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் மாட்டிவிட்டு "இந்தப் பக்கம் பச்சை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரில் நிற்பவர் தன் பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்து "இந்தப் பக்கமும் பச்சை" என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்வது கணக்கில்லை. ஒரே ஆள் இரண்டு பக்கத்தையும் சொல்வதும் கணக்கில்லை.

கட்டிலிலிருந்து இரண்டு விரல் உயரம் தூக்கி நிறுத்து. எல்லா வாரும் விறைத்திருக்கிறதா என்று பார். பிறகுதான் மேலே. உட்கார வைத்தபிறகு துணியை உருவிவிடு. அடியிலேயே கிடந்தால் அந்தச் சுருக்கமே புண்ணாக்கும்.

துவைப்பது: பிளீச்சிங் கூடாது. கொதிக்கிற தண்ணீர் கூடாது. இஸ்திரி கூடாது. நிழலில் காயப்போடு. ஈரம் வாருக்குள்தான் கடைசிவரை இருக்கும், விரலால் நசுக்கிப் பார். இங்கே ஒரு நாளைக்கு நாற்பது தூளி வரும். ஒவ்வொன்றிலும் ஆளின் பெயரை நூலில் தைத்திருக்கிறோம், மையில் எழுதினால் போய்விடுகிறது. காய்ந்ததும் அவரவர் கட்டில் தலைமாட்டில் மாட்ட வேண்டும். ஒருவருடையதை இன்னொருவருக்கு எடுக்கக் கூடாது.

அளவு சரியாக இருந்தால் மட்டும் தூக்கு.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் கடிதம் இரண்டு பக்கமும் எழுதியிருந்ததால் ஒட்ட முடியவில்லை. ஒரு பக்கத்தை நானே வேறு தாளில் எழுதி ஒட்டினேன். அம்மாவைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் இல்லை. பரவாயில்லை, வேலை இருந்திருக்கும்.

நடுத்தரம் கேட்டுப் போனேன். கையிருப்பு இல்லை, ஆறு வாரம் ஆகும் என்றார்கள். இங்கே சிவப்பு பெரிதாகிறது. இப்போது டீ கிளாஸ் வாய் அகலம். தோல் கிழியவில்லை, ஆனால் பளபளவென்று இருக்கிறது.

அவரிடம் சொன்னேன்.

"ஆறு வாரமா? பெரிய சட்டையைச் சின்னதாக்க எவனாவது ஆறு வாரம் கேட்பானா? மெஷினை இங்க இழு."

தையல் மெஷின் மூடியே கிடந்தது. எண்ணெய் விட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். அவர் படுத்தபடியே சாக்பீஸால் இடது கையில் கோடு போட்டார். பக்கத்துக்கு இரண்டு மடிப்பு, ஜீன்ஸுக்குப் போடுகிற தடித்த ஊசி, இரட்டைத் தையல். மேல் வாரையும் மடித்துச் சுருக்கித் தைத்தோம். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். முடித்ததும் இவர் இடது கையால் தடவிப் பார்த்து, "கம்பெனிக்காரன் தோத்தான்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே நீ.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கப் போகிறேன். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. நானே இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அவர் தினமும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் அல்லவா, உன் கடிதம் மனப்பாடம். நேற்று சொன்னார்: "உங்க அக்கா அளவு அளவுன்னு எத்தனை தடவை எழுதியிருக்கா பாரு. இது தெரிஞ்சவ எழுத்து இல்லடி. ஒரு தடவை துணியைக் கெடுத்தவ எழுத்து. எனக்குத் தெரியும், நானும் கெடுத்திருக்கேன்."

சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறார். மனதில் வைத்துக்கொள்ளாதே.

தங்கச்சி


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

நேற்று போனில் தூக்காதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ ஏன், ஏன் என்று கேட்டாய். போனில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தத் தூளியைக் கத்தரித்துப் போடு. ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. மடித்துத் தைத்த வாரில் பாரம் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை கைவேலையில் குறை இல்லை. சட்டை ஆளைத் தாங்குவதில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை சொன்னது சரி.

அம்மா கட்டிலிலிருந்து வழுக்கி விழுந்தாள் என்று உன்னிடம் சொன்னேன். கட்டிலிலிருந்து இல்லை. தூளியிலிருந்து. தூக்கியவள் நான்.

அன்று காலையில் அம்மாவின் தூளி அழுக்காகி, துவைத்துக் கொடியில் கிடந்தது. வார் ஈரம். ஜன்னலோர நாற்காலியில் வெயில் இருக்கும்போதே உட்கார வேண்டும் என்று அம்மா மூன்று தடவை கேட்டாள். என்னோடு சேர்ந்து தூக்குகிற ஆயா, "பத்து நிமிஷம் இரு, வந்துடுறேன்" என்று பின்கட்டுக்குப் போயிருந்தாள். நான் இருக்கவில்லை. பக்கத்துக் கட்டில் டீச்சரம்மாவின் தூளியை எடுத்தேன். டீச்சரம்மா கனத்த உடம்பு. அது பெரிய அளவு. போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று இருந்தது. தோள் வார் இரண்டிலும் ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கினேன்.

அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நீ மடிப்புத் தைத்ததைப் படித்தபோது எனக்கு அந்த முடிச்சுத்தான் தெரிந்தது.

இந்தப் பக்கம் பச்சை என்று சொன்னேன். சுற்றிப் போய் அந்தப் பக்கமும் பச்சை என்று நானே சொன்னேன். இரண்டு விரல் உயரத்தில் நிறுத்திப் பார்க்கவில்லை. இடுப்பு உயரம் போனதும் இடது முடிச்சு நழுவியது. அவிழவில்லை, ஒரு சாண் நழுவியது. அந்தப் பக்கம் தாழ்ந்தது. துணி பெரிது, பக்கவாட்டில் வாய் திறந்துகொண்டது. அம்மா அந்த வழியாகக் கீழே வந்தாள்.

இடுப்பு எலும்பு முறிந்தது. ஒன்பது நாள் இருந்தாள். அதற்குப் பிறகு நடந்தது நீ பார்த்தது.

இல்லத்தில் எல்லாருக்கும் தெரியும். விபத்துப் புத்தகத்தில் நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு வருஷமாக நான் துணி துவைக்கிற பக்கம்தான். மெஷினைத் தொடவில்லை. லீவு கிடைக்கும். நான்தான் கேட்கவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே போய்விடலாம் என்றிருந்தேன். மாப்பிள்ளை விழக் கூடாது.

அக்கா


மே 4

தங்கச்சிக்கு,

நீ எழுத வேண்டாம். எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நடுத்தரம் வந்ததா, அந்தச் சிவப்பு எப்படி இருக்கிறது, இந்த இரண்டு மட்டும் ஒரு கார்டில் போடு. மாப்பிள்ளையை விட்டு எழுதச் சொன்னாலும் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள். புரட்டும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கு.

அக்கா


மே 19

அக்கா,

நான் தான் எழுதுறேன். இடது கை. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கங்க.

நடுத்தரம் வந்துடுச்சு. லேபிள் பாத்தோம். அளவு சரி. நான் தச்சதை நானே கத்தரிச்சுட்டேன். கொஞ்சம் வலிச்சுது, பொய் சொல்லல.

சிவப்பு பரவல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுறா, அலாரம் வச்சு. ஆனா தூக்கல. காலையில துணியை எடுக்கிறா, விரிக்கிறா, வெளிச்சத்துல பாக்கிறா, மடிச்சு வைக்கிறா. சாயங்காலமும் அதே. நர்ஸம்மா திட்டிட்டுப் போச்சு. நானும் கேட்டேன். திரும்பவும் மடிச்சு வைக்கிறா.

உங்களைப் பத்தி நான் பேச்செடுத்தா கையைக் கழுவப் போயிடுறா. அன்னிக்கு உங்க எழுத்தைப் பத்திச் சொல்லாம நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனா இருந்திருந்தா ஞாயித்துக்கிழமை அந்தரத்துல தொங்கியிருப்பேன். அதையும் யோசிச்சுப் பாத்தேன்.

முழங்கால் எப்படி இருக்கு?

தையல்காரன்


ஜூன் 2

அக்காவுக்கு,

இருக்கிறோம்.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது நீ அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாய். எப்படி விழுந்தாள் என்று கேட்டேன். நீ கட்டிலைக் கையால் காட்டினாய். அந்தக் கையை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைத்தான் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். விழுந்ததை அல்ல.

அந்த ஒன்பது நாளில் ஆறு நாள் நானும் அங்கே இருந்தேன். ஆறு நாளில் என்றாவது சொல்லியிருக்கலாமே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். விழுந்ததும் அம்மா என்ன சொன்னாள்? என்னிடம் அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீ பேச வேண்டாம் என்று சொல்லி வைத்தாயா? உள்ளதை எழுது.

தங்கச்சி


ஜூன் 9

தங்கச்சிக்கு,

கடிதம் நேற்று வந்தது.

நான் சொல்லி வைக்கவில்லை. அம்மா தானாகத்தான் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை. என்னை மன்னித்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

விழுந்ததும் அவள் கேட்டது, "என் கண்ணாடி எங்க?" அவ்வளவுதான். நான் அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள், "கத்தாத. கண்ணாடியைப் பாரு, யாராவது மிதிச்சிடப் போறாங்க" என்றாள். டீச்சரம்மா கட்டிலுக்கு அடியில் கிடந்தது. உடையவில்லை. எடுத்து மாட்டிவிட்டேன். மாட்டியதும் என்னைப் பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை மேலே அந்த வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கண்ணாடி என்னிடம் இருக்கிறது. துணிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் மேலாளரம்மா கூப்பிட்டு, மறுபடியும் கட்டில் பக்கம் வா, ஆள் குறைவு என்றார்கள். மாட்டேன் என்றேன். நாற்பது தூளியைத் துவைத்து, தையல் பார்த்து, அவரவர் தலைமாட்டில் மாட்டுகிறேன். அதை ஒழுங்காகச் செய்கிறேன்.

நீ தூக்காமல் இருப்பது மாப்பிள்ளைக்கு நல்லதில்லை. என்னால் வந்த பயம் அவருக்குப் புண்ணாக வேண்டாம். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுப் பழக்கு.

அக்கா


ஜூன் 16

அக்காவுக்கு,

நேற்று அவருக்குத் தோல் கிழிந்துவிட்டது. சின்னதாகத்தான், விரல் நகம் அளவு. நர்ஸம்மா மருந்து போட்டுவிட்டு, இனிமேல் எழுப்பி உட்கார வைப்பதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். வந்தார். கொக்கைப் பார்த்தார். "எனக்கு ராட்டினம்னாலே தலை சுத்தும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

உன் மேல் இருக்கிற கோபம் போகவில்லை. போகும் என்றும் எழுத மாட்டேன். ஆனால் முடிச்சு எப்படி நழுவும் என்று தெரிந்த ஆள் எனக்கு நீ ஒருத்திதான்.

ஏப்ரலில் நீ எழுதியதை நான் ஒட்டவில்லை, பெட்டியில் வைத்திருந்தேன். நேற்று அவர் கேட்டு வாங்கினார். முடிச்சு பற்றி எழுதிய இடத்தை மட்டும் இடது கையால் கத்தரித்தார். இருபத்தெட்டு வருஷம் நேராக வெட்டிய மனுஷன், கோணல் மாணலாக வந்தது. மற்ற தாள்களுக்கெல்லாம் மேலே ஒட்டச் சொன்னார். ஒட்டியிருக்கிறேன். நீ வந்தால் எதிரிலேயே தெரியும். அதற்குத் தயாராக வா.

லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். கேள். வெள்ளிக்கிழமைக்குள் வா. அம்மாவின் கண்ணாடியையும் எடுத்து வா.

தூளியைத் துவைத்து நிழலில் போட்டிருக்கிறேன். வாரை நசுக்கிப் பார்த்தேன், இன்னும் ஈரம். நீ வருவதற்குள் காய்ந்துவிடும்.

ஜன்னல் பக்கம் நான் நிற்கிறேன். கதவுப் பக்கம் நீ. முதலில் நீ சொல். நான் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிச் சொல்வேன்.

தங்கச்சி